1966-இல் கிளம்பிய இருவர்

எனக்கு இரண்டு பைத்தியம். ஒன்று விண்வெளித் தொடர், மற்றது நெடுந்தூர நீச்சல். இரண்டுக்கும் ஒரே ஆண்டுதான்.

1966 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' ஆரம்பமானது. 79 பாகங்களோடு நிறுத்திவிட்டார்கள். நம்மூரில் அப்போது டி.வி. ஏது? எண்பதுகளில் தூர்தர்ஷன் ஞாயிறு காலையில் போட்டபோதுதான் கேப்டன் கிர்க்கும் கூர்க்காது ஸ்பாக்கும் நமக்குப் பழக்கம். அதற்கு முன்பே, 1982-இல் இலங்கை ரூபவாகினி தொடங்கியதும், மொட்டைமாடி ஆன்டெனாக்கள் கடல் பக்கம் திரும்பியதை மறந்திருக்க மாட்டீர்கள். மேலே ஒருவர் திருப்ப, கீழேயிருந்து "போதும், போதும்" என்று இன்னொருவர் கத்துவார்.

படம் நொடியில் தாண்டி வந்த அந்தக் கடலை, கொஞ்சம் வடக்கே, 1966 ஏப்ரலில் ஒருவர் நீந்தியே தாண்டினார். மிஹிர் சென். வங்காளி, வக்கீல். தலைமன்னாரில் இறங்கி 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தி தனுஷ்கோடியில் கரையேறினார். புயல் அந்த ஊரை விழுங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அதே ஆண்டில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் எல்லாம் முடித்தார். குறுக்குத்துறையில் அக்கரை போய் வந்ததையே இன்றும் பெருமையாகச் சொல்கிற நமக்கு இதன் அளவு தெரியும். கிர்க்குக்கு ஆபத்தெல்லாம் ஸ்டூடியோ செட்டில். சென்னுக்கு கடல்பாம்பு நிஜம்.

அவர் சாதனையை 1994-இல் முறியடித்தவர் 12 வயது குற்றாலீஸ்வரன், நம் தமிழ்நாட்டுப் பையன். 1996-இல் அர்ஜுனா விருது.

ஸ்டார் ட்ரெக்குக்குப் புதுப்புதுத் தொடர்கள் இன்னும் வருகின்றன. சென் 1997 ஜூனில் கல்கத்தாவில் காலமானார். கடைசிக் காலத்தில் கையில் காசில்லை, நீந்திய கடல்களும் ஞாபகத்தில் இல்லை.