ஆல்காட் குப்பமும் பெசன்ட் நகரும்: அடையாற்று நூல்களை நாம் வாசிக்கும் முறை



அடையாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று ஊரூர் ஆல்காட் குப்பம், மீனவர் ஊர். மற்றொன்று பெசன்ட் நகர், வசதியுள்ளோர் குடியிருப்பு. இரண்டுமே பிரம்மஞான சபைத் தலைவர்களின் பெயர்கள். 1875இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட அந்தச் சபை 1882 முதல் அடையாற்றில் இருக்கிறது. சென்னையில் நம் முன்னோர் கல்வி பெற்ற வரலாற்றையும் பௌத்தம் மீட்ட வரலாற்றையும் படிப்பவர்கள் இந்தச் சபையின் நூல்களை ஒதுக்கிவிட முடியாது. அவற்றை நாம் எப்படி வாசிப்பது?

இனம், சமயம், பால், சாதி, நிறம் பாராத மானுட சகோதரத்துவம் என்பது சபையின் முதல் நோக்கம். அதைப் பள்ளிக்கூடமாக ஆக்கிக் காட்டியவர் கர்னல் ஆல்காட். 1894இல் சபை வளாகத்துக்கு அருகே பறையர் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர்ப் பகுதிகளிலும் பஞ்சமர் பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் வைக்கப்பட்டது.

1898இல் அயோத்திதாசப் பண்டிதரும் ஆசிரியர் கிருஷ்ணசாமியாரும் ஆல்காட்டைச் சந்தித்தார்கள். தம் மக்கள் பூர்வ பௌத்தர்கள் என்று எடுத்துரைத்து உதவி கேட்டார்கள். அதே ஆண்டு அவருடன் கொழும்பு சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார்கள். இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் பிறந்தது. இந்த உதவியை நாம் நன்றியோடு பதிவு செய்கிறோம்.

ஆனால் அதே சபையின் தத்துவ நூல்கள் வேறொன்றையும் சொல்கின்றன. பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் வெளியிட்ட 'தி சீக்ரெட் டாக்ட்ரின்' மனித குலத்தை ஏழு மூல இனங்களாக வரிசைப்படுத்துகிறது. இப்போது நடப்பது ஐந்தாவது, அதற்குப் பெயர் ஆரிய இனம். காலனியத்தால் அழிந்துகொண்டிருந்த பழங்குடிகளின் அழிவுக்கு அந்நூல் கர்ம விதியைக் காரணமாகக் காட்டுகிறது. கொன்றவனின் துப்பாக்கி அந்த விளக்கத்தில் மறைந்துபோகிறது. கர்மம் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல.

ஆல்காட் 1907இல் மறைந்தார். அன்னி பெசன்ட் தலைவரானார். உயிர்கள் பல பிறவிகளில் படிப்படியாக முதிர்கின்றன என்பது பிரம்மஞானக் கொள்கை. அந்தப் படிகளாகவே நால்வருணத்தையும் அவர் விளக்கியிருந்தார். அப்படியானால் சகோதரர்களில் மூத்தவரும் உண்டு, இளையவரும் உண்டு. சகோதரத்துவம் கெடாமலே சமத்துவம் காணாமல்போகும்.

இந்தக் கொள்கை வகுப்பறைக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை 1909 பிப்ரவரியில் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் பெசன்ட் எழுதிய கட்டுரை காட்டுகிறது. ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று அவர் வாதிட்டார். தலைமுறை தலைமுறையான உணவும் குடியும் அவர்களின் உடம்பையே கெடுத்திருக்கின்றன, அது தூய்மையாக இன்னும் சில தலைமுறைகள் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். தனிப் பள்ளி வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம், பக்கத்தில் மட்டும் உட்காரவைக்கக் கூடாது. தீண்டாமைக்குச் சுகாதாரத்தின் பெயரில் புதுச் சட்டை தைத்துக் கொடுத்த எழுத்து இது. 1913இல் அவரே சாதி முறையை விமர்சித்துப் பேசினார் என்பதையும் மறைக்காமல் சொல்வோம். ஆனாலும் அந்தக் கட்டுரை தன் பாட்டுக்கு உயிரோடு இருந்தது.

அதை மறக்காமல் எடுத்து வைத்தவர் அண்ணல் அம்பேத்கர். 1917 கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் ஒடுக்கப்பட்டோருக்கு ஆதரவான தீர்மானம் நிறைவேறியது. தலைமை வகித்தவர் பெசன்ட். 1945இல் வெளியிட்ட நூலில் அம்பேத்கர் அந்தத் தீர்மானத்தை ஆராயும்போது, பெசன்டின் 1909 கட்டுரையை நீளமாக மேற்கோள் காட்டினார். தீர்மானத்தையும் தலைவரின் முந்தைய எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததே அவருடைய வாதம். இது நாம் கற்க வேண்டிய முதல் வாசிப்பு முறை: நோக்கத்தை எழுதிய பக்கத்தோடு பள்ளியைப் பற்றி எழுதிய பக்கத்தையும் சேர்த்துப் படி.

இரண்டாவது முறை பண்டிதருடையது. அவர் அடையாற்றின் கதவைத் தட்டினார், கப்பலேறினார், தீட்சை பெற்றார். ஆனால் தம் மக்களின் வரலாற்றை மூல இனங்களின் வரிசையில் தேடவில்லை. தமிழ் இலக்கியத்திலும் நிகண்டுகளிலும் மக்கள் வழக்கிலும் தேடினார். 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. 'இந்திரர் தேச சரித்திரம்' அதில்தான் தொடராக வெளிவந்தது. உதவியை ஏற்றுக்கொண்டவர், தம்மைப் பற்றிச் சொல்லும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

மாணவத் தோழர்களே, அடையாற்று நூல்களைப் படியுங்கள். ஆன்மா, பரிணாமம், கர்மம் என்ற சொற்கள் வரும் இடங்களில் நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: இதை நம்புகிற ஆசிரியர் நம் பிள்ளையை வகுப்பில் எங்கே உட்காரவைப்பார்? இன்று அதே இடத்தில் தகுதி, தரம், பண்பாடு என்ற சொற்கள் வருகின்றன. அவற்றிடமும் இதே கேள்வியைக் கேட்போம்.