இதய எம்.ஆர்.ஐ.

இதயத்தின் துடிப்பு, தசையின் நலம், பெரிய இரத்தக் குழாய்களில் ஓடும் இரத்தத்தின் அளவு ஆகியவற்றைக் காந்தப் புலத்தாலும் வானொலி அலைகளாலும் படமாக்கிக் காட்டும் பரிசோதனை. எக்ஸ் கதிர் இதில் இல்லை. ஆதலால், பிறவி இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுக்கவும் இது ஏற்றது.

இதன் அடிப்படையான அணுக்கருக் காந்த ஒத்ததிர்வை 1946இல் ஃபெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செல்லும் தனித்தனியே செய்துகாட்டினர். 1973இல் பால் லாட்டர்பர் அதைப் படமாக்கும் வழியைக் கண்டார். பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் அதை விரைவாக்கினார். 1977இல் ரேமண்ட் டமேடியன் குழுவுக்கு மனித மார்பின் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படத்தை எடுக்க ஏறத்தாழ 5 மணி நேரம் ஆனது.

மூளையைப் படமெடுப்பது எளிது, அது அசைவதில்லை. இதயமோ ஓயாமல் துடிக்கிறது, மூச்சோடு சேர்ந்து இடமும் மாறுகிறது. 1980களில் இதற்கு ஈ.சி.ஜி. கைகொடுத்தது. ஒவ்வொரு துடிப்பிலும் அதே கட்டத்தில் சிறிது சிறிதாகத் தகவல் திரட்டி, பல துடிப்புகளைக் கொண்டு ஒரு படம் உருவாக்கப்பட்டது. கருவிகள் வேகம் பெற்றபின், நோயாளி சில விநாடிகள் மூச்சை அடக்கினாலே போதும் என்றாயிற்று. 1988இல் எலியாஸ் ஜெர்ஹூனி குழு இதயத் தசைமீது காந்தத்தாலேயே கோடுகள் இட்டு, தசை சுருங்கும்போது அவை வளைவதை அளந்தது.

பெரிய திருப்பம் 1999, 2000 ஆண்டுகளில் வந்தது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரேமண்ட் கிம், ராபர்ட் ஜட் ஆகியோர் கடோலினியம் என்னும் உலோகம் கலந்த மருந்தைச் சிரையில் செலுத்திச் சில நிமிடங்கள் கழித்துப் படமெடுத்தனர். உயிருள்ள தசைச் செல்லுக்குள் கடோலினியம் நுழையாது. மாரடைப்பில் மடிந்து தழும்பான இடத்திலோ தேங்கி நிற்கும். அந்த இடம் வெள்ளையாகவும், நல்ல தசை கறுப்பாகவும் தெரியும். சுவரின் தடிமனில் எவ்வளவு தழும்பாகிவிட்டது என்பதை வைத்து, பைபாஸ் செய்தால் அப்பகுதி மீண்டும் இயங்குமா என்று முன்கூட்டியே மதிப்பிட முடிந்தது. மாரடைப்பின் தழும்பு உட்சுவரிலிருந்து தொடங்கும். தசை அழற்சியில் அது பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டியிருக்கும். நெஞ்சைத் திறக்காமலே நோயின் வகை தெரிந்தது.

தாலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகை நோயாளிகளுக்கு இது செய்த உதவி அதைவிடப் பெரியது. வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் இவர்களின் இதயத்தில் இரும்பு படிகிறது. கல்லீரலில் உள்ள இரும்பையோ இரத்தத்திலுள்ள ஃபெரிட்டினையோ அளந்து இதன் அளவைச் சொல்ல முடியாது. இரும்பு இருந்தால் எம்.ஆர்.ஐ. சமிக்ஞை விரைவில் தேயும். அந்தத் தேய்வு நேரமே டி2 ஸ்டார். அது 20 மில்லி விநாடிக்குக் கீழே போனால் இரும்பு படிந்துவிட்டது என்று பொருள். 2001இல் இலண்டன் ராயல் பிராம்டன் மருத்துவமனையில் டட்லி பெனல் குழு இதை நிறுவியது. இதயம் தளரும் முன்பே இரும்பகற்றும் மருந்தைக் கூட்ட வழி பிறந்தது. 1980–99 காலத்தோடு ஒப்பிட, 2000–03இல் பிரிட்டனில் இந்நோயாளிகள் இதயத்தில் படிந்த இரும்பால் இறக்கும் விகிதம் 71 விழுக்காடு குறைந்தது. இந்த அளவீட்டுக்கும் மேம்பட்ட மருந்துகளுக்கும் அதில் பங்குண்டு.

தடைகளும் உண்டு. சிலவகைக் கடோலினியம் மருந்துகள் சிறுநீரகம் செயலிழந்தோரின் தோலை இறுகச் செய்வது 2006இல் தெரியவந்தது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்தனர், எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கருக்கு அமெரிக்க ஒப்புதல் 2011இல்தான் கிடைத்தது. மெல்லிய இதயத் தமனிகளின் அடைப்பைக் காண இன்றும் சி.டி.யும் ஆஞ்சியோகிராமுமே முன்னிற்கின்றன. ஆனால் அந்த அடைப்பால் தசைக்கு இரத்தம் குறைகிறதா என்பதை எம்.ஆர்.ஐ. சொல்லும். 918 நெஞ்சுவலி நோயாளிகளைக் கொண்டு நடந்து 2019இல் வெளியான ஆய்வில், எம்.ஆர்.ஐ.யை நம்பிச் சிகிச்சை முடிவானவர்கள் ஆஞ்சியோகிராம் வழி சென்றவர்களைவிடக் குறைவான ஸ்டென்ட், பைபாஸ் சிகிச்சைகளோடு அதே அளவு நலமாக இருந்தனர்.