நாலு வரி நிரலும் பாட்டி பெயரும்

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற வழியில் புத்தலப்பட்டு என்றொரு ஊர் வரும். அடியேனின் சொந்த ஊர். 1911-இல் சித்தூர் மாவட்டம் உண்டானபோது சென்னை மாகாணத்தில் இருந்தோம். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதோடு போனோம். 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது, நாங்கள் திரும்பவில்லை. அதனால் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. எனக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது பெரியப்பாதான்.

2005 வாக்கில், கடல் தாண்டி வந்து பொட்டி தட்டிக் கொண்டிருந்த எனக்கு அவரிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. குடும்பக் கதை, நாற்பது பக்கம். சித்தூரில் ஒரு டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தது. ஆசையாகத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை!

அந்தக் காலத்து அவஸ்தையை இன்று செல்பேசியில் தமிழ் அடிக்கிற பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. அன்றைய எழுத்துருக்கள் கணினியை ஏமாற்றித்தான் தமிழைக் காட்டின. கணினிக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்தின் எண். அந்த எண்ணில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்துவிடுவார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் தந்த மயிலை, ஈழத்தவர் பெரிதும் பயன்படுத்திய பாமினி என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வரிசை. இணையத் தமிழர்கள் கூடித் திஸ்கி என்றார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்று இரண்டு வந்தன. யூனிகோடில் 1991-இலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் நம் வீட்டுக் கணினியில் அது ஒழுங்காகத் தெரிய விண்டோஸ் 2000, எக்ஸ்பி எல்லாம் வரவேண்டியிருந்தது.

இந்த இடைக்காலத்தில் தமிழைத் தாங்கிப் பிடித்தவை ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்ட துண்டு நிரல்கள்தான். அதிராம்பட்டினத்து உமர் தம்பி, தேனீ என்ற இயங்கு எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். சில வரிகளை வெட்டி உங்கள் பக்கத்தில் ஒட்டினால் போதும், தமிழ் எழுத்துரு இல்லாத கணினியிலும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் தமிழ் தெரியும். 2006-இல் அவர் மறைந்தபோது முகம் பார்த்திராதவர்களெல்லாம் கலங்கினார்கள். முகுந்தும் தமிழா குழுவினரும் எ-கலப்பை தந்தார்கள். ஜெர்மனியில் இருந்த சுரதா யாழ்வாணன், பக்கத்திலேயே ஓடுகிற ஜாவாஸ்கிரிப்டாக எழுத்துரு மாற்றிகளைச் செய்து வைத்தார். ஒரு பெட்டியில் பழைய எழுத்தை ஒட்டினால் மறுபெட்டியில் யூனிகோடு வரும்.

இப்படிப்பட்ட மாற்றிகளின் உள்ளே பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. 'இதை எடு, அதைப் போடு' என்று நீண்ட பட்டியல், அவ்வளவுதான். வரிசையில்தான் சூட்சுமம். பாமினியில் 'கோ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. யூனிகோடில் முதலில் க, பிறகு ஓகாரக் குறி. தனி 'க'வை முதலில் மாற்றிவிட்டால் கொம்பும் காலும் அநாதை. ஆகவே மூன்று தட்டு உள்ளதை முதலில் மாற்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. 'நீளமானது முதலில்' என்று ஒரு நண்பர் சொல்லிக் கொடுத்து, தன்னிடமிருந்த பட்டியலையும் அனுப்பினார்.

நானும் கொஞ்சம் சேர்த்து ஓட்டினேன். ஒரு நொடியில் நாற்பது பக்கமும் தமிழ்! சரியாகப் படித்துக்கூடப் பார்க்காமல் அச்சடித்து, அட்டை போட்டு ஊருக்கு அனுப்பினேன். அதே பட்டியலை ஐந்து நண்பர்களுக்கும் பெருமையாகக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் பெரியப்பா தொலைபேசினார்.

"டேய், எங்கம்மா பேரையே உடைச்சு வெச்சிருக்கியேடா."

எங்கள் பாட்டியின் பெயர் 'வெள்ளை' என்று தொடங்கும். போன இடமெல்லாம் அது 'வௌ' ஆகி, பக்கத்தில் ஒரு வெற்று வட்டத்தின் தலையில் புள்ளி நின்றிருந்தது. காரணம் இதுதான். பாமினியில் 'வௌ' அடிக்கக் கொம்பு, வ, ள. 'வெள்' அடிக்கவும் அதே மூன்றும், மேலே ஒரு புள்ளியும். 'நீளமானது முதலில்' என்ற விதி அந்த மூன்றையும் சேர்த்து விழுங்கிவிட்டது. 'வெளி' எல்லாம் 'வௌி' ஆகியிருந்தது.

தீர்வு தமிழ் இலக்கணத்திலேயே இருந்தது. ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரவே வராது. அப்படி வந்திருந்தால் அது ஔகாரமில்லை, ளகரம். உடைத்துக் கொம்பும் 'ள'வுமாக ஆக்கிவிட வேண்டியதுதான். நாலே வரி.

ஐந்து பேருக்கும் திருத்தத்தை அனுப்பினேன். இரண்டு பேரிடமிருந்துதான் பதில். மற்றவர்கள் அதற்குள் யார் யாருக்குக் கொடுத்தார்களோ! பட்டியல் போகிற வேகத்தில் திருத்தம் போவதில்லை. இதே குழியில் விழுந்தவர்கள் பலர். பழைய பக்கங்களில் 'வௌியீடு', 'வௌிநாடு' எல்லாம் கண்ணில் படும். கண்ணுக்குச் சின்னப் பிழை. ஆனால் 'வெளிநாடு' என்று தேடுகிற எந்திரத்துக்கு அது வேறு எழுத்துகள். அந்தப் பக்கம் கிடைக்காமல் போகலாம்.

2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றது. ஆனாலும் பாமினியில் அடித்த குடும்பக் கதை உங்கள் வீட்டுக் குறுவட்டிலும் ஒன்று இருக்கலாம். மாற்றும்போது வெளி, வெள்ளை, கௌரவம், கொடி, கோடை என்ற ஐந்து சொல்லை முதலில் போட்டுப் பாருங்கள். ஐந்தும் தேறினால் மிச்சத்தை ஓட்டலாம். யாருக்காவது நிரலைக் கொடுத்தால் இந்த ஐந்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டாம் அச்சு கைக்குப் போனதும் பெரியப்பா முதலில் புரட்டியது பாட்டி பெயர் வருகிற பக்கத்தைத்தானாம். "இப்ப சரியா இருக்குதுடா" என்றார். ஒரு நிரலுக்கு நான் வாங்கிய ஆகச் சிறந்த சான்றிதழ் அதுதான் :-)