இரும்பும் டைட்டானியமும்: பனமலைக் கல் முதல் மணவாளக்குறிச்சி மணல் வரை

விழுப்புரம் மாவட்டம் பனமலையில் குன்றின் மேல் நிற்கும் தாளகிரீசுவரர் கோயில், பல்லவ மன்னன் இராசசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கற்றளி. அதே மன்னன் காஞ்சியில் கட்டிய கைலாசநாதர் கோயிலின் பெரும்பகுதி மணற்கல். பனமலையில் கல் கருங்கல். அதிலுள்ள படிகக்கல் துகள்கள் சாதாரண இரும்பு முனையை விரைவில் மழுக்கிவிடும். கருங்கல்லைச் செதுக்கக் கரிமம் ஏறிய இரும்பு, அதாவது உருக்கு வேண்டும்.

உருக்குத் தொழில் தொலைவில் இல்லை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேல்சிறுவளூரில், மூசையில் உருக்கு வார்த்த தடயங்களை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அடையாளம் கண்டார். மூடிய மண் மூசைக்குள் இரும்பையும் மரத்துண்டு போன்ற தாவரப் பொருளையும் இட்டுச் சூடாக்கினால் கரிமம் இரும்பில் ஏறும். 1538 பாகை செல்சியசான உருகுநிலையும் அதனால் இறங்கும். இவ்வகை உருக்கே ஐரோப்பாவில் ‘ஊட்சு’ எனப் பெயர் பெற்றது. 1819-இல் மைக்கேல் பாரடே அதை ஆராய்ந்தார்.

டைட்டானியமும் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கருமணலில் உள்ள இல்மனைட்டு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. இரண்டும் ஒரே மணியில் இருந்தும் ஏன் ஒன்று மட்டும் கொல்லன் கைக்கு வந்தது? காரணம் கரி. சூடான கரி இரும்புத் தாதுவின் ஆக்சிசனைப் பிரித்து உலோகத்தை விட்டுவிடும். டைட்டானியமோ கரியோடு சேர்ந்து கார்பைடாகிவிடும். சூட்டில் காற்றின் ஆக்சிசனையும் நைட்ரசனையும்கூட விடாது. 1791-இல் வில்லியம் கிரிகோர் இங்கிலாந்தின் கார்ன்வால் மணலில் இத்தனிமத்தைக் கண்டார். தூய உலோகத்தை ஆண்டர் பிரித்தது 1910-இல்தான். பின்னர் குரோல், டைட்டானியம் குளோரைடை மக்னீசியத்தால் ஒடுக்கும் வழியை வகுத்து 1940-இல் காப்புரிமை பெற்றார். தொழிற்சாலை உற்பத்தி அதன் பிறகே. கேரளத்தின் சவறையில் டைட்டானியக் கடற்பஞ்சு ஆலை 2011-இல் தொடங்கியது.

பண்புகளை ஒப்பிட்டால், உருக்கின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.8 கிராம்; டைட்டானியத்துக்கு 4.5. ஆறு விழுக்காடு அலுமினியமும் நான்கு விழுக்காடு வனேடியமும் கலந்த டைட்டானியக் கலவையின் இழுவிசை வலிமை ஏறத்தாழ 900 மெகாபாசுகலுக்கு மேல். மென்னுருக்கு அதில் பாதியளவே தாங்கும். உயர்வலிமை உருக்குகள் இரண்டையும் விஞ்சும். கடல்நீரில் இரும்பு துருப்பிடிக்கும்; டைட்டானியத்தின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடுப் படலம் அதைக் காக்கும். விமானம், ஏவூர்தி, எலும்பு மாற்று உறுப்புகள் ஆகியவற்றுக்கு அது ஏற்றதாவது இதனால்தான்.

விறைப்பில் கதை வேறு. உருக்கின் மீள்மைக் குணகம் ஏறத்தாழ 200 கிகாபாசுகல். அந்த டைட்டானியக் கலவைக்கு 114 மட்டும். ஒரே அளவுள்ள தண்டுகளில் டைட்டானியத் தண்டே அதிகம் வளையும். கடினத்தன்மையிலும் அது பதமிட்ட உருக்கை எட்டாது. காய்ச்சி நீரில் தோய்த்துப் பதமேற்றும் கொல்லனின் எளிய முறைக்கு இணங்கியது கரிம உருக்கு மட்டுமே. பனமலைக் கல்லில் டைட்டானிய உளியை வைத்து அடித்தால் முனை சீக்கிரம் மழுங்கும். விலையும் உருக்கைவிடப் பல மடங்கு.