ரூபாய்க்கு ஆறு தம்பிடி: எளாவூர் எல்லையிலிருந்து சிற்றூர் நூலக வரலாறு

மன்னார்குடியில் 1931 அக்டோபரில் ஒரு மாட்டுவண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சுற்றுக் கிராமங்களுக்குப் புறப்பட்டது. ஓய்வுபெற்ற பொறியாளர் எஸ். வி. கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கமும் அதன் உயிர்நாடியான எஸ். ஆர். அரங்கநாதனும் துணை நின்றார்கள். தமிழ்நாட்டு நூலக இயக்கத்தைப் பேசுவோர் இந்த வண்டியில்தான் தொடங்குகிறார்கள். அந்தப் பெருமை அதற்குத் தகும். ஆயினும் சிற்றூர்களில் நூலகத்தை வேரூன்றச் செய்தது வரிதான் என்பது இக்கட்டுரையின் துணிபு. கொடையாளரின் ஆர்வத்தால் ஓடும் வண்டி அவர் காலத்துக்குப் பின் நின்றுவிடலாம். இதை அரங்கநாதன் முன்பே உணர்ந்திருந்தார். வண்டி புறப்படும் முன்பே, 1930இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில், அவர் ஒரு மாதிரி நூலகச் சட்ட வரைவை முன்வைத்தார்.

அவ்வரைவின் கருத்து, தி. சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டமாயிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்தது. சொத்துவரி, வீட்டுவரியில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி நூலக வரி. அன்றைய ரூபாய்க்கு 192 தம்பிடி. எனவே முப்பத்திரண்டில் ஒரு பங்கு. தொகை சிறிது, ஏற்பாடு பெரிது. உள்ளாட்சி வசூலிக்கும் அப்பணம் அந்த ஊரிலேயே தங்குவதில்லை. மாவட்ட நூலக ஆணைக்குழுவின் நிதியில் சேர்கிறது. சென்னை நகரம் நீங்கலான ஆணைக்குழுக்களுக்கு, வசூலான வரிக்குக் குறையாத தொகையை அரசும் ஆண்டுதோறும் தர வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் இடையில், ரயில் நிலையமும் நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடியும் கொண்ட எளாவூர் போன்ற ஊரை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். அன்றைய ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் கட்டிய தம்பிடிகளை மட்டும் நம்பினால் எத்தனை அலமாரிகள் நிறைந்திருக்கும்? செங்கல்பட்டு மாவட்டம் முழுதும் திரண்ட நிதியில் பங்கு கேட்கும் உரிமையே இத்தகைய ஊர்களுக்குக் கிடைத்த பேறு. 1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமான பின்னும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

வரியின்றியே மக்கள் இயக்கம் நூலகம் வளர்க்காதா என்று கேட்கலாம். எளாவூருக்கு வடக்கே சிறிது தொலைவில் தொடங்கும் ஆந்திரமே அதற்குச் சான்றாகக் காட்டப்படும். அய்யங்கி வெங்கடரமணய்யாவின் முன்முயற்சியால் அங்கே 1914இலேயே நூலகச் சங்கம் எழுந்தது. 1935இல் கால்வாய்ப் படகிலும் புத்தகங்கள் சென்றன. அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆனால் 1953இல் தனி மாநிலமான பிறகும் ஆந்திரம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையே வைத்துக்கொண்டது. 1960இல் இயற்றிய தன் சட்டத்திலும் நூலக வரியை விடவில்லை. தன்னார்வம் செழித்த மண்ணே வரியின் தேவையை ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

இன்னொரு மறுப்பு கடினமானது. வரிக்கு ஈடாக அரசு தருவதால், வரி பெருகும் மாவட்டத்துக்கு மானியமும் பெருகும். ஏழை மாவட்டம் இரு வகையிலும் இழக்கும். இது உண்மையான குறை, விதியிலேயே திருத்த வேண்டியது. அதற்காக வரியைக் கைவிட முடியாது. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. நூலக ஆணைக்குழுவின் பொறுப்பில் சேராமல் ஊராட்சிகளிடம் விடப்பட்ட அவற்றுள் பல பின்னர் பூட்டிக் கிடந்தன. கட்டடம் ஒரே செலவு. ஆளும் நூலும் நாளேடும் ஆண்டுதோறும் வரும் செலவு. அந்தத் தொடர்ச்சிக்கு வழி செய்யாமல் கட்டியது வருத்தத்துக்குரியது.

இன்று நூலக வரி ரூபாய்க்குப் பத்துக் காசு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் சுற்றிலுமுள்ள ஆலைகளும் வந்தபின், இவ்வட்டாரத்தில் வரி கட்டும் கட்டடங்களின் இயல்பே மாறிவிட்டது. அக்கட்டடங்களுக்குள் உழைப்போரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். தெலுங்கு பேசுவோரோ இவ்வட்டத்தின் பழைய குடிகள். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் வேண்டும் என்று அரங்கநாதன் 1931இல் வகுத்த விதியை இங்கே பொருத்தினால், இவ்வட்டத்து நூலகங்களுக்கு வாங்கும் நூல்களில் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் எத்தனை என்று திருவள்ளூர் ஆணைக்குழு கணக்குப் பார்த்தாக வேண்டும்.