ரோசன்பெர்க் என்னும் குடும்பப் பெயர்

ரோசன்பெர்க் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அதனை உடையவர் யூதரே என்று நிச்சயித்துவிடும் வழக்கம் கற்றவரிடையேயும் உண்டு. அப்பெயரின் சரித்திரத்தை அணுகி ஆராய்வோர்க்கோ, அது வம்சத்துக்குச் சாட்சியன்று, பெரும்பாலும் ராஜாங்கப் பதிவேட்டுக்கே சாட்சி என்பது புலனாகும்.

சொல்லின் பொருள் ரோசாமலை. பொஹீமியாவில் வல்தாவா நதிக்கரைக் கோட்டையொன்றின் பெயரைத் தம் குலப்பெயராகக் கொண்டு செழித்து 1611இல் வாரிசின்றி முடிந்த பிரபு வம்சத்தினர் கிறிஸ்தவர். சிலேசியாவிலும் மேற்குப் பிரஷ்யாவிலும் இப்பெயரால் வழங்கிய ஊர்களிலிருந்து புறப்பட்டவர்கள் எம்மதத்தினராயினும் இதனையே தாங்கியிருத்தல் இயல்பு. சுவீடனிலோ, இயற்கைப் பொருள்களின் பெயர் இரண்டைக் கோத்துக் குடும்பப் பெயர் அமைக்கும் சம்பிரதாயம் பரவியிருந்தமையால், யூதத் தொடர்பு சிறிதுமின்றியே இப்பெயர் பெருகிற்று.

யூதரிடையே இது வந்த வழி வேறு. மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதருட் பெரும்பாலோர் தந்தையின் பெயரைச் சேர்த்து, இன்னார் மகன் இன்னார் என்று வழங்கியதன்றி, தலைமுறை தோறும் தொடரும் பெயரைப் பேணியவரல்லர். ஆஸ்திரியாவை ஆண்ட இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி 1787 ஜூலை 23இல் பிறப்பித்து, 1788ஆம் ஆண்டின் முதல் நாள் அமலுக்குக் கொணர்ந்த சாசனம், யூதர் ஒவ்வொருவரும் நிலையான குடும்பப் பெயர் கொள்ள வேண்டுமென்று விதித்ததோடு, எபிரேயப் பெயர்களையும், கோலின் முதலிய ஊர்களால் அமைந்த வழக்குப் பெயர்களையும் விலக்கிற்று. படைக்கு ஆள் எடுக்கவும் வரி தண்டவும் முற்பட்ட அரசுக்கு, ஆண்டுக்காண்டு மாறாத பெயர் தேவைப்பட்டது என்பதே இதன் உட்கருத்து. பிரஷ்யா 1812இல் இவ்வழியே சென்று ஆறு மாத அவகாசம் கொடுத்தது.

ஆகவே, ஆஸ்திரிய ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் காணப்படும் யூத ரோசன்பெர்க்குகளுக்கெல்லாம் பூர்விக ஊர் தேடுவது வீண்முயற்சி என்பது என் அபிப்பிராயம். மலரும் மலையும் பதிவேட்டிற்காகவே இணைந்தன எனக் கொள்வதே பொருந்தும். ரோசா என்னும் பெண்ணின் பெயர் உள்ளிருக்கலாம் என்ற அநுமானமும் உண்டு; அதனை அந்தந்தக் குடும்பத்தின் ஆவணமே நிறுவ வேண்டும். அதிகாரிகள் கையூட்டுப் பெற்று அழகிய பெயர்களையும், கொடாதவர்க்கு இழிந்த பெயர்களையும் வழங்கினர் என்று எழுத்தாளர் கார்ல் எமில் பிரான்சோஸ் எழுதியது சுவையான கதை. ஆயினும் ஆயிரக்கணக்கான பெயர்களின் பெருக்கத்தை அதனால் மட்டும் விளக்கிவிட முடியாது.

லிதுவேனிய யூதப் பெற்றோருக்கு 1890இல் பிரிஸ்டலில் பிறந்து, 1918 ஏப்ரலில் போர்முனையில் மாண்ட கவிஞர் ஐசக் ரோசன்பெர்க். 1893இல் ரேவால் நகரத்து ஜெர்மானியக் குடும்பமொன்றில் பிறந்து, நாஜிகளின் சித்தாந்தத்தை வகுத்து, 1946இல் நியூரம்பர்க்கில் தூக்கிலிடப்பட்டவர் ஆல்பிரட் ரோசன்பெர்க். இருவரையும் பெயரால் பிரித்தறிய இயலாது.

இதனை யூதரின் பகைவரே அறிந்திருந்தனர். குடும்பப் பெயர் யூதரைக் காட்டிக் கொடுக்கப் போதுமானதாயிருந்தால், 1938 ஆகஸ்டு 17இல் நாஜி அரசு புதிய ஆணையொன்று பிறப்பித்திருக்க வேண்டியதில்லை. யூதர்க்கென வரையறுத்த பட்டியலில் இல்லாத முற்பெயருடைய யூத ஆண்கள் இஸ்ரேல் என்றும், யூதப் பெண்கள் சாரா என்றும் கூட்டி எழுத வேண்டுமென்ற அவ்வாணை 1939 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்தது. கட்சியின் ஆல்பிரட் ரோசன்பெர்க்குக்கோ ஓரெழுத்தும் மாறவில்லை.