‘இங்கே வா’: வந்தேறிய துரைமாரும் வழக்கம் கற்பித்த நூல்களும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் பெருஞ்சாலை பெரகலயில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் மேலேறுகின்றது. மற்றொன்று கொஸ்லந்தை வழியே வெல்லவாயாவுக்கு இறங்குகின்றது. சந்தியின் பெயர் சிங்களம். சூழவுள்ள தோட்டங்களின் பேச்சோ தமிழ். அத்தோட்டங்களை நூறாண்டுக்கு மேல் நடத்திய துரைமாரின் மொழி ஆங்கிலம். அயல்நாட்டில் குடியிருக்க வந்தவர் அந்நாட்டு வழக்கங்களை எவ்வாறு கற்றனர் என்று ஆராய விரும்பும் நேயர்களுக்கு இது தக்க இடம்.

சீமையிலிருந்து வந்திறங்கிய சின்னத்துரை, தமிழறியாமல் தொழில் நடத்த இயலாது. தமிழ் தெரியாத துரை பெரிய கங்காணியின் வாயையே நம்பியிருக்க வேண்டும். ஆகவே அவர்களுக்கெனக் கையடக்க நூல்கள் தோன்றின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெர்குசன் என்பார் வெளியிட்ட சின்னத்துரை வழிகாட்டியின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். 1915இல் வெல்ஸ் என்பவரின் ‘கூலித் தமிழ்’ வந்தது. தமிழிலே ‘வா’ உண்டு, ‘வாரும்’ உண்டு, ‘வாருங்கள்’ உண்டு; பெரியோரை ‘எழுந்தருள்க’ என்றும் அழைப்போம். இத்தனையும் இருக்க, நூலின் நெற்றியில் ஏறியது முதற் சொல் மட்டுமே. தகப்பன் வயதுடைய தொழிலாளியையும் பிரட்டுக்களத்தில் அதே ‘வா’ அழைத்தது. மறுமொழியாக வந்ததோ ‘வாங்க துரை’. மரியாதை ஒருவழிப் பாதையாயிற்று.

இதே காலத்தில் ஆசியாவின் கீழ்க்கோடியில் யப்பானிலும் வெள்ளையர் குடியேறிக்கொண்டிருந்தனர். 1858ஆம் ஆண்டு உடன்படிக்கைகளின் பயனாய் மறு ஆண்டு யோக்கஹாமாத் துறைமுகம் அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே அவர்கள் யப்பானியச் சட்டத்துக்கு உட்படாமல், தத்தம் நாட்டுத் தூதரின் நீதிமன்றத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டு வாழ்ந்தனர். சந்தையிலும் துறையிலும் பேச ஓர் அரைகுறை யப்பானிய மொழியையும் ஆக்கிக்கொண்டனர். அதனை நையாண்டி செய்து 1879இல் ஒரு சிறு நூலும் அச்சாயிற்று. வெள்ளைக்காரர் தம் நாய்களை ஆங்கிலத்தில் ‘கம் ஹியர்’ என்று ஓயாது கூப்பிடுவதைக் கேட்ட யப்பானியர், அதுவே அந்நாய்களின் பெயரென எண்ணி, மேனாட்டு நாயைக் ‘கமே’ என்று வழங்கலாயினர். (அவர்கள் மொழியில் ஆமைக்கும் அதே ஒலிதான்!) அங்கே நாய்க்குப் பெயராகிய அந்த ‘இங்கே வா’ என்னும் சொற்றொடரே ஊவா மலையில் மனிதரை அழைக்கக் கற்பிக்கும் நூலுக்குப் பெயராயிற்று.

யப்பானில் நிலை அவ்வாறே நீடிக்கவில்லை. 1873இல் அங்கு சென்ற சேம்பர்லின் என்னும் ஆங்கிலேயர், அந்நாட்டு மொழியைப் பழுதறக் கற்று, 1886இல் தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் யப்பானிய மொழிப் பேராசிரியரே ஆனார். 1888இல் பேச்சுமொழிக் கைந்நூலும், 1890இல் அந்நாட்டு வழக்கங்களை அகரவரிசையில் விளக்கும் நூலும் எழுதினார். உயர்வுச் சொல் அறியாதவன் யப்பானிய மொழி அறியாதவனே. ‘வருதல்’ என்னும் வினைக்கு மதிப்புக்குரியவர் வருகையில் ‘இரஷ்ஷாரு’ என்றும், தன் வருகையைத் தாழ்த்திச் சொல்கையில் ‘மைரு’ என்றும் வேறுவேறு சொற்கள் உண்டு. அங்கு குடியிருக்க வந்தவன் வேறு பலவும் பழகவேண்டும்: பாதரட்சையை வாயிலிலே களைய வேண்டும், பாய் விரித்த அறையை வெறுங்காலுடனோ காலுறையுடனோதான் மிதிக்கலாம், வெந்நீர்த் தொட்டிக்கு வெளியே உடம்பைத் தேய்த்துக் கழுவிய பின்னரே அதனுள் அமரவேண்டும். ஏனெனில் வீட்டார் அனைவரும் முறைவைத்து இறங்குவது அதே நீரில்தான். செருப்புடன் நம் வீட்டு நடையைத் தாண்டுவோரை நாம் மட்டும் பொறுக்கிறோமா என்ன?

இந்த மாற்றம் நூலாசிரியரின் நற்குணத்தால் மட்டும் விளைந்ததன்று. யப்பானுக்குத் தன் அரசு இருந்தது. உடன்படிக்கைகளைத் திருத்துமாறு அது விடாது வாதாடியது. 1899இல் வெள்ளையரின் தனி நீதிமன்றங்கள் ஒழிந்தன. வந்தவர் யாவரும் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டனர்.

ஊவாத் தோட்டங்களிலே அவ்வாறு வாதாட எவருமில்லை. இன்னொன்றையும் மறத்தலாகாது. தொழிலாளரும் இம்மலைக்கு வந்து குடியேறியோரே. புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் திருச்சிராப்பள்ளி, சேலம் மாவட்டங்களிலிருந்தும் வந்த அவர்களுக்கு வழிகாட்டி நூல் எவரும் எழுதவில்லை. ‘லைன்’ என்பதை ‘லயம்’ ஆக்கிக்கொண்டனர். ‘பிரட்டு’ என்பதும் ‘பரேட்’ என்பதன் திரிபே என்பர். துரை எதிர்ப்பட்டால் தலைத்துண்டை எடுத்து ஒதுங்கி நிற்கவேண்டும் என்பதைக் கங்காணியின் அதட்டலே கற்பித்தது.

1975இல் தோட்டக் கம்பனிகள் அரசுடைமையாயின. எஞ்சியிருந்த வெள்ளைத்துரைமாரும் அவ்வாண்டுகளில் ஊர் திரும்பினர். தங்கிவிட்ட தொழிலாளரையோ, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலும் நாடற்றவராக்கியிருந்தது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிப் பிரித்தது. இருநாட்டுக் குடியுரிமையுமின்றி எஞ்சியோரை இலங்கைக் குடிமக்களாக ஏற்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறிற்று.